மதினி மறித்த பாதை

"சத்தம் கேட்டா என்ன செய்வீங்க?" என்று தீயணைப்பு நிலைய அதிகாரி கேட்டதும், ரேஷன் கடைத் திடலில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒரே குரலில் "ஓடுவோம்" என்றார்கள். எந்தப் பக்கம் என்று கேட்டார். "சத்தம் வந்த பக்கந்தான். வேற எங்கன ஓட?" என்றார் என் மதினி. கூட்டம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை.

ஆமத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் பாதுகாப்புக் குழு தொடங்கிய நாள் அது. தீயணைப்பு நிலையம், ஊராட்சி, பட்டாசுக் கம்பெனிக்காரர்கள், மகளிர் குழு எல்லோரும் அதில் உண்டு. சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்த்த என்னை நோட்டீஸ் அடித்துத் தரச் சேர்த்துக்கொண்டார்கள். மதினி, அதாவது என் அண்ணனின் மனைவி, மகளிர் குழுத் தலைவி. அவர் குரலுக்கு மைக் தேவையில்லை. அவர் பேச ஆரம்பித்தால் அடுத்த தெருக் கோழியும் நின்று கேட்கும்.

எங்கள் ஊர்க்காரர்கள் செய்கிற தப்பை வேறெங்கும் செய்ய மாட்டார்கள். வெடித்தால் உலகம் விலகி ஓடும். நாங்கள் அதை நோக்கி ஓடுவோம். வீட்டுக்கு ஒருவராவது உள்ளே இருப்பார்கள். புகை எழும் திசையை வைத்தே எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடுவோம். அதற்குப் பிறகு கால் நிற்காது. ஓர் அறை வெடித்தால் பொறி பறந்து பக்கத்து அறையும் வெடிக்கும். காப்பாற்றப் போனவர்கள் அதில் சாவார்கள். அறைக்குள் உட்காரும் ஆட்களைக் குறைக்கச் சொன்னோம். கம்பெனிக்காரர்கள் தலையாட்டினார்கள். தீபாவளி சீசன் வந்ததும் பழையபடி ஆட்களை அடைத்தார்கள். கடைசியில் எங்கள் கையில் மிஞ்சியது ஒன்றுதான்: சத்தம் கேட்டால் யாரும் அங்கே போகக் கூடாது, திடலில் கூடி நிற்க வேண்டும். இதை மதினி வீடு வீடாகப் போய்ச் சொன்னார். "ஏலே, ஒருத்தரத் தூக்கப் போயி ஒன்னயும் நாங்க தூக்கணுமா?" என்று இளவட்டங்களை மிரட்டுவார்.

அன்று எனக்கு விடுமுறை. வெயில் ஏறியிருந்த நேரம். சத்தத்தில் வீட்டு ஓடுகள் அதிர்ந்தன. வெளியே வந்து பார்த்தால் அண்ணனின் கம்பெனிப் பக்கம் புகை. அண்ணனுக்கு வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை. நான் ஓடினேன். கம்பெனிக்குப் போகும் மண்பாதையின் குறுக்கே மதினி இரண்டு கைகளையும் விரித்து நின்றுகொண்டிருந்தார். மகளைத் தேடி வந்த ஒருத்தி அவர் கையைக் கடித்தாள். அவர் கையை எடுக்கவில்லை. என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நில்லுங்க. ஒங்க அண்ணன் உள்ளதான் இருக்காக. தெரியும். நில்லுங்க." உள்ளேயிருந்து யாரோ கத்துவது எங்களுக்குக் கேட்டது. அப்போதுதான் இரண்டாவது அறை வெடித்தது. பாதை நெடுகக் கல்லும் தகரமும் வந்து விழுந்தன. மதினி மறித்து நிறுத்திய ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அண்ணனை உயிரோடுதான் கொண்டுவந்தார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் உடம்பு முழுக்கக் கட்டோடு கிடந்தான். மதினியின் பக்கம் முகத்தைத் திருப்பி, "கத்துனேன் புள்ள. ஊருல ஒருத்தருக்கும் கேக்கலையா?" என்றான். "கேக்கலங்க" என்றார் மதினி. அவன் நம்பிவிட்டான். மறுநாள் போய்ச் சேர்ந்தான்.

இப்போது கூட்டத்துக்குக் கூட்டம் எங்கள் ஊரைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். மதினியை ஊர் ஊராகப் பேச அழைக்கிறார்கள், அவரும் போகிறார். போன சீசனுக்கு முன்பு நாரணாபுரத்தில் நடந்த கூட்டத்துக்கு நானும் கூடப் போயிருந்தேன். இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் எழுந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. "நில்லு நில்லுங்கீக. ஒங்க வீட்டு ஆளு உள்ள கெடந்தா நீங்க நிப்பீகளாக்கா?"

எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

"நின்னேன் தாயி" என்றார் மதினி.

நீங்களும் நில்லுங்கள் என்று அடுத்து அவர் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அழைத்து வந்திருந்தார்கள். அவர் சொல்லவில்லை. அந்தப் பெண் பிள்ளையை இறுக்கிக்கொண்டு, "என்னால முடியாதுக்கா" என்றாள்.

மதினி அவளிடம் போய்ப் பிள்ளையின் தலையைத் தடவினார்.

"இனி என்னாலயும் முடியாது" என்றார்.