மஞ்சள் பிளேட்டுகள் நீலமான வாரம்

பதினாறு வருஷத்தில் ஜெசிந்தா ஒரே ஒரு டிரேயைத்தான் மறந்திருக்கிறார். அதுவும் விழுப்புரம் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில்.

திண்டிவனத்தில் ஒரு தனியார் கல்லூரியின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் அவர் உதவியாளர். கண்ணாடிச் சாமான் கழுவுவார், கிருமி வளர்த்த பழைய பிளேட்டுகளை ஆட்டோகிளேவ் என்ற நீராவிப் பாத்திரத்தில் அவித்துக் கொட்டுவார். அந்த ஆய்வகத்தில் போகிக்கு ஒரு வழக்கம் உண்டு. பொங்கல் லீவுக்கு முன்னால் எல்லா பிளேட்டையும் பார்த்து எழுதிவிட்டு, பழசு ஒன்றுவிடாமல் அவித்துவிட வேண்டும்.

இந்த வருஷம் அந்தப் பழசில் ஜெயத்தின் கிருமியும் இருந்தது.

ஜெயம் வளவனூரில் கரும்புச்சாற்றைப் புளிக்கவைத்து வினிகர் செய்கிறவர். அதை வாங்கும் ஊறுகாய் கம்பெனி, "நீங்கள் சொன்னது ஐந்து சதவீதப் புளிப்பு, இங்கே இருப்பது மூன்றுதான். தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்கள்" என்றது. இல்லையென்று நிரூபிக்க பிப்ரவரி கடைசிவரை தவணை.

"என்னப் பால்காரம்மான்னு கூப்பிட்றான்க்கா அந்த கம்பெனி ஆளு" என்றார் ஜெயம், பஸ்ஸில் பழக்கமான ஜெசிந்தாவிடம் வினிகர் பாட்டிலை நீட்டி. "நான் ஒரு சொட்டு தண்ணி ஊத்தல."

பேராசிரியர் மணிமாறன் அதிலிருந்து கிருமியைப் பிரித்தார். வினிகர் கிருமிகள் ஒரே குடும்பம். உள்ளே பல பேரினங்கள். இங்கே கேள்வி இரண்டைப் பற்றித்தான். குளுக்கோனோபாக்டர் அமிலத்தைச் செய்துவிட்டு நின்றுவிடும். அசிட்டோபாக்டர், சாராயம் தீர்ந்ததும் தான் செய்த அமிலத்தையே தின்னும். கிருமி வளர்க்கப் பிளேட்டில் ஊற்றும், சாராயம் கலந்த பச்சை ஊடகத்தை இரண்டுமே மஞ்சளாக்கும். அமிலத்தைத் தின்கிறது என்றால் மட்டும் மஞ்சள் மறைந்து நீலம் வரும்.

பத்து நாள் பார்க்க வேண்டிய சோதனை. போகி நாலாம் நாளே வந்துவிட்டது. எட்டு பிளேட்டும் மஞ்சள். மணிமாறன் 'குளுக்கோனோபாக்டர்' என்று வரைவு எழுதினார். கிருமி அமிலத்தைத் தின்னாது என்றால், தண்ணீர்தான் கலந்திருக்கிறது என்று பொருள்.

லீவு முடிந்து வந்த ஜெசிந்தா, மேசைக்கடியில் மறந்துபோன டிரேயை இழுத்தார். எட்டும் நீலம்.

"காத்துல ஏதாவது விழுந்திருக்கும், ஜெசிந்தாம்மா. அவிச்சிடுங்க" என்றார் மணிமாறன்.

"எட்டுலயும் ஒரே மாதிரியா விழும், சார்? கிருமி போடாத பிளேட்டு ஒண்ணு கூடவே இருந்துச்சே. அது பச்சையாவே கீது."

மணிமாறன் பிளேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பச்சையாக இருந்ததை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு வரைவை எடுத்துக் கிழித்தார்.

மறுபடி தொடங்கினார்கள். இந்த முறை பக்கத்தில், நன்றாகத் தெரிந்த ஒரு குளுக்கோனோபாக்டரையும் வளர்த்தார்கள். நாலாம் நாள் எல்லாமே மஞ்சள். ஐந்தாம் நாளும் மஞ்சள். அன்று ஜெயத்தின் போனை ஜெசிந்தா எடுக்கவில்லை.

ஆறாம் நாள் காலை, தோள்பையைக் கழற்றாமலே பிளேட்டைப் பார்த்தார். ஜெயத்தின் கிருமியைச் சுற்றி ஒரு பச்சை விளிம்பு. மத்தியானத்துக்குள் அது விரிந்துவிட்டது. மாணவிகள் வகுப்பை விட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். மறுநாள் முழு நீலம். பக்கத்துக் குளுக்கோனோபாக்டர் அசையவில்லை, மஞ்சளிலேயே நின்றது.

"அடப்பாவி, தான் செஞ்சதத் தானே துன்னுட்டு என் மேல பழி போட்டுக்கினு இருந்துதா?" என்றார் ஜெயம் போனில்.

புதுச்சேரிக்கு அனுப்பி மரபணுவும் பார்த்தார்கள். அசிட்டோபாக்டர்தான்.

அமிலத்தைத் தின்ன அந்தக் கிருமிக்குக் காற்று வேண்டும். ஜெயம் டிரம்மைக் கழுத்துவரை நிரப்பித்தான் அனுப்புவார். மணிமாறன் கம்பெனியின் கிடங்குக்கே போய்ப் பார்த்தார். பாதி எடுத்த டிரம்கள் மூடி தளர்ந்து வரிசையாக நின்றன. திறக்காத டிரம் ஒன்றைச் சோதித்தார்: ஐந்து சதவீதம், அப்படியே.

அறிக்கை பிப்ரவரி இருபதாம் தேதி போனது. இரண்டு நாள் கழித்து, விழுப்புரம் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்த ஜெசிந்தாவின் போன் அடித்தது.

"அக்கா, அந்த ஆளு போன் பண்ணான். பால்கா...ன்னு ஆரம்பிச்சு, முழுங்கிட்டு, 'ஜெயம் மேடம், அடுத்த லோடு எப்போ?'ங்கறான்."

"இனிமே சூடு பண்ணி ஆறவெச்சு அனுப்பு. கிருமி செத்துடும்."

"சரிக்கா. அவன்கிட்ட என்ன சொல்ல?"

"மூடிய இறுக்கி வெக்கச் சொல்லு" என்றார் ஜெசிந்தா.