மிச்சம் என்று எழுதிய குப்பி

அவளுக்குச் செல்லம்மா என்று பெயர் வைத்தவர், நுண்ணோக்கிகளைப் பழுதுபார்க்க வரும் மீசைக்காரர். செல் வளர்க்கிறவள் செல்லம்மா. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "ஏற்கெனவே நாலு லட்சம் பிள்ளைங்க சார். நீங்களும் அம்மான்னு கூப்பிட்டா ஒண்ணு கூடும், அவ்வளவுதான்" என்றாள். அதற்குப் பிறகு அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு நின்றுவிட்டது.

நான் அந்த ஆய்வகத்தில் குப்பி கழுவுகிறவள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. கழுவும் அறைக்கும் அவள் மேசைக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்புதான். ஐந்து வருடமாக அதன் வழியாக அவளைப் பார்த்துவந்திருக்கிறேன்.

செல் குப்பிகள் வளரும் சூட்டுப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் கையுறை போட்ட இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வாள். அதனால் செல்லுக்கு ஒரு பயனும் இல்லை என்று அவளுக்கே தெரியும். இருந்தாலும் தேய்ப்பாள். இரண்டு நாளைக்கு ஒருமுறை குப்பிகளில் பழைய நீரை எடுத்துவிட்டு இளஞ்சிவப்பு நிறத்தில் புது நீர் ஊற்ற வேண்டும். ஞாயிறு என்று விட முடியாது. வேலை நடுவில் ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டால், முழங்கையால் அழுத்திப் போனை ஸ்பீக்கரில் போடுவாள்.

"எப்பதாண்டி வீட்டுக்கு வருவ?"

"செல்லுக்குச் சாப்பாடு வைக்கணும்மா."

"ஊர்ல எல்லாரும் செல்லுக்கு சார்ஜ் போடுறாங்க. நீ சாப்பாடு வைக்கிற. சரி, நீ சாப்பிட்டியா?"

"அதுங்க சாப்பிட்டதும்."

"நல்லா வளர்த்தேன் உன்னை."

என்ன ஆராய்ச்சி என்று நான் கேட்டதில்லை. நான் கண்ணாடி வழியாகப் பார்ப்பதைக் கண்டு அவளே ஒருநாள் சொன்னாள். "மருந்து ஊத்தினா புற்று செல் எல்லாம் செத்துடும்க்கா. ஆனா ஒண்ணு ரெண்டு சாகாது. பேசாம படுத்துக் கிடக்கும். மருந்தை நிறுத்தினதும் எந்திரிச்சு, மறுபடி ஒரு கூட்டத்தையே உண்டாக்கும். அதுங்கதான் புற்றோட ஸ்டெம் செல், வேர் மாதிரி. குணமானவங்களுக்கு நோய் திரும்ப வருதில்ல, அதுக்கு இதுங்க ஒரு காரணம்னு நினைக்கிறோம். இதுங்க எதுக்கு அடங்கும்னு பார்க்கணும்."

எனக்கு ஆங்கிலம் வராது என்று தெரிந்த பிறகு, குப்பிகளில் ஆங்கிலத்துக்குக் கீழே தமிழிலும் எழுதத் தொடங்கினாள். 'கழுவலாம்.' 'நாளைக்கு.' 'தொடாதீங்க அக்கா.' மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் எழுதிக்கொண்டுதான் இருந்தாள்.

அந்தத் தமிழால்தான் வினை வந்தது.

ஐந்து மாதம் மருந்து ஊற்றி, செத்ததையெல்லாம் அலசி அலசி, கடைசியில் சாகாத செல்கள் கொஞ்சம் ஒரே ஒரு குப்பியின் அடியில் ஒட்டிக்கொண்டு நின்றன. ஒரு பங்கை எடுத்து மாற்றாக உறையவைத்துக்கொள்ளும் அளவுக்கு அவை இன்னும் பெருகவில்லை. மூன்று வாரத்தில் அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியரிடம் காட்ட வேண்டும். இல்லையென்றால் ஆராய்ச்சித் தலைப்பையே மாற்றச் சொல்லியிருந்தார். மாற்றினால் போன வருடங்கள் போனதுதான்.

அன்று சூட்டுப் பெட்டியைத் துடைக்கும் நாள். எல்லாக் குப்பிகளும் வெளியே இருந்தன. அவள் அம்மாவிடமிருந்து போன் வந்தது; பேச நடைவழிக்குப் போனாள். நான் தட்டுகளை எடுக்க வந்தேன். கழுவ வேண்டிய குப்பிகளுக்குப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. அதில் 'மிச்சம்' என்று எழுதியிருந்தது.

மிச்சம் என்றால் கொட்டுவதுதானே. எடுத்துப்போய் நீரைக் கொட்டினேன். மூடியைத் திருகி, ப்ளீச்சிங் தண்ணீரில் ஊறப் போகும் வரிசையில் வைத்தேன். நாலு மணிக்குத்தான் ஊறப் போடுவேன்.

கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் ஒவ்வொரு தட்டாகத் தூக்கிப் பார்ப்பது தெரிந்தது. மேசைக்கு அடியிலும் குனிந்தாள். பிறகு கதவருகே வந்தாள்.

"அக்கா, மிச்சம்னு ஒரு குப்பி. எங்கயோ வச்சுட்டேன் போல. பார்த்தீங்களா?"

தன் மறதி என்றே நினைத்தாள். நான் எடுத்ததை யாரும் பார்க்கவில்லை. குப்பியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன்.

"கொட்டிட்டேம்மா" என்றேன். "மிச்சம்னு இருந்துச்சு."

அவள் முகம் வெளுத்தது. "ப்ளீச் ஊத்தினீங்களா?"

"இன்னும் இல்ல."

பிடுங்கிக்கொண்டு ஓடினாள். நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை. அன்று மட்டும் கையைத் தேய்க்கவில்லை. புது நீர் ஊற்றிச் சூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தாள்.

"ஒட்டிக்கிட்டுதான் இருக்கு. உயிர் இருக்கான்னு தெரியல. பார்ப்போம்."

மறுநாள் பேராசிரியர் அறைக்குப் போய்த் திரும்பினாள். "என் தப்புன்னு சொல்லிட்டேன்க்கா. அந்த வார்த்தையை எழுதினது நான்தானே." நான் ஏதோ சொல்ல வந்தேன். "விடுங்க" என்று போய்விட்டாள்.

அடுத்த ஒரு வாரம் நான் ஒவ்வொரு குப்பியையும் மூன்று முறை படித்துவிட்டுத்தான் தொட்டேன்.

ஒன்பதாம் நாள் கண்ணாடியை விரலால் தட்டினாள். "வாங்க, வந்து பாருங்க."

ஐந்து வருடத்தில் அன்றுதான் முதன்முதலாக நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். முதலில் என் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு, வெறும் தரையில் ஒரு மூலையில் ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தது.

"மருந்துக்கும் சாகல, நீங்க கொட்டியும் சாகல" என்றாள். கண் கலங்கியிருந்தது, சிரித்தாள். "பேரை மாத்திடுவோம். நீங்களே சொல்லுங்க. கொட்டத் தோணாத பேரா இருக்கணும்."

யோசித்தேன். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டினாற்போல என்று சொல்வார்கள். உடம்பில் ஒண்டிக்கொண்டு உடம்பையே விரட்டுகிறது இது.

"பிடாரி" என்றேன்.

பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாள். மூன்றாவது வாரக் கடைசியில் பேராசிரியர் குப்பியை விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். அந்தச் சீட்டையும் படித்தார். தலைப்பை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது பிடாரி நாற்பது குப்பியாகப் பெருகியிருக்கிறாள். செல்லம்மாவின் அம்மா போனில் முதலில் கேட்பதும் அவளைப் பற்றித்தான்.

"பிடாரி சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டாம்மா."

"நல்லாப் பார்த்துக்கடி. இவ்வளவு பாடுபட்டு வளர்க்கிற."

"கொல்றதுக்குத்தாம்மா வளர்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, செல்லம்மா உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு பெட்டியைத் திறக்கிறாள்.