பிரேக் விளக்கு எரிகிறதா?

தண்ணீர் டேங்கர்க்காரன் பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்ததில் என் ஜீப்பின் பின்விளக்குகள் இரண்டும் போயின. பதினான்கு வயது ஜீப். பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து வயதானால், அதாவது அடுத்த ஆண்டு, டில்லிக்குள் ஓட்ட விடமாட்டார்கள். எனக்குப் பணி ஓய்வும் அடுத்த ஆண்டுதான். அதுவரை மோதி பாக் அரசு குவார்ட்டர்ஸில் நானும் ஜீப்பும்.

பேரன் பிறந்தபோது, மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுத்தான் மனைவி கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போனாள். இரண்டு வருஷமாகிவிட்டது. குழந்தையை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தினமும் சொல்லத் தோன்றுகிறது.

காஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைக்காரர் எல்.இ.டி. விளக்கைப் போட்டுக் காட்டினார்.

"லே லோ பாபுஜி, ஏக்தம் நயா லுக்!" வாங்கிக்கொள்ளுங்கள், வண்டியே புதுசாகத் தெரியும் என்றார்.

கண் கூசியது. சாலையில் இந்த மாதிரி விளக்கோடு வண்டி வந்தாலே அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு திட்டுவாள். பழையபடி பல்பு போட்ட வட்ட விளக்குகளையே கேட்டேன். பரணில் துழாவி, தூசி தட்டி எடுத்துத் தந்தார். யாரையாவது பின்னால் நிற்கவைத்து பிரேக் விளக்கு எரிகிறதா பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். யாரை நிற்கவைப்பது? முன்பெல்லாம் அவள்தான் காபி டம்ளரோடு நின்று, "எரியுதுங்க" என்று குரல் கொடுப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே மாட்டினேன். பிரேக்கை மிதித்துவிட்டுப் பின்னால் ஓடிப்போய்ப் பார்த்தேன். காலை எடுத்தால் விளக்கு அணைந்துவிடும் என்பதுகூட ஐம்பத்தொன்பது வயசுக்காரனுக்குத் தெரிய வேண்டாமா? என்மேலேயே எரிச்சல் வந்தது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டலாம். தட்டப் பிடிக்கவில்லை.

ஜீப்புக்குப் பின்னால் ஒரு செங்கல்லில் போனைச் சாய்த்து வைத்து, அவளுக்கு வீடியோ கால் போட்டேன்.

"என்னங்க இது, காலங்காத்தால ஜீப்போட பின்பக்கத்தக் காட்டறீங்க?"

"பிரேக் புடிக்கிறேன். எரியுதான்னு பாரு!" என்று ஸீட்டிலிருந்து கத்தினேன்.

"ரெண்டும் எரியுதுங்க. அட, பழைய மாதிரியே வாங்கிட்டீங்களா?"

"ம்."

"நல்லா இருக்குங்க. பார்த்தாச்சு, கால எடுங்க. குழந்தை எந்திரிச்சிட்டான்."

நான் எடுக்கவில்லை. எடுத்தால் போனை வைத்துவிடுவாள்.

"இடது பக்கம் கொஞ்சம் மங்கலா இருக்கா?" என்றேன். "நல்லாப் பாத்துச் சொல்லு."