புண்யமாயாவின் ஜலதோஷம்

நேபாளத்துப் பக்தபூரில் குளிர்காலம் வந்தால் முற்றத்து வெயிலுக்கு அடிதடிதான். நெல் உலர்த்த, மிளகாய் காயப்போட, குழந்தைகளுக்குக் கடுகெண்ணெய் தேய்த்துக் கிடத்த என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரு துண்டு வெயில்தான் உண்டு. மூக்கு ஒழுகாத ஆளை அந்த மாதங்களில் வலைபோட்டுத் தேட வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், ஒரு தும்மல் வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும் ஒரே மனுஷி புண்யமாயா சுவால். புருஷனோடு ஒத்துவராமல் திரும்பி வந்தவள். தம்பி நுச்சேயின் வீட்டுக் கீழறையில் இருந்துகொண்டு, கம்பளம் நெய்யப் போய்வந்தாள்.

"மகாராணிக்குத் தும்மல் வந்துட்டுது, அரண்மனையை மூடியாச்சு" என்று கூட நெய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். அவளும் சிரித்துவைப்பாள். காரணத்தைச் சொல்லும் தைரியம்தான் அவளுக்கு இல்லை.

நுச்சேயின் மூத்த பெண் அஸ்மிதாவுக்கு முதன்முதலாகச் சோறூட்டிய நாளில் தொடங்கியது அது. அந்த வீட்டில் முதல் கவளம் அத்தையுடையது. பாயசத்தை விரலால் எடுத்து, ஊதி, தன் உதட்டில் வைத்துச் சூடு பார்த்து, அதையே குழந்தையின் வாயில் வைக்க வேண்டும். உதட்டில் வைக்காமல் ஊட்டிவிட்டால் அத்தைக்காரிக்குப் பாசமில்லை என்று பேச்சு கிளம்பிவிடும். அன்று புண்யமாயாவுக்குக் காலையிலிருந்தே மூக்கில் நீர். தறிக்கூடத்தில் எல்லோருக்கும் இருந்தது. அதையெல்லாம் ஒரு நோவென்று யார் சொல்வார்கள்? முறைப்படி ஊட்டினாள். ஆசை தீரக் கன்னத்தில் முத்தமும் கொடுத்தாள்.

அவளுக்குப் பிறகு சொந்தபந்தம் முழுக்க வரிசையில் வந்து ஊட்டியது. கடைசியாக எதிர்வீட்டுத் தயிர்க்காரி தில்தாரா வந்தாள். புருஷனை இழந்தவள், வாய் கொஞ்சம் நீளம்.

"அடேயப்பா, என்ன அழகு! இவ்வளவு அழகு இந்த வீட்டுக்குத் தாங்குமா?" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

சில நாளில் அஸ்மிதாவுக்கு மூக்கொழுகியது. பிறகு பால் குடிக்க மறுத்தாள். பிறகு ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்கடியில் பள்ளம் விழுந்தது. மூச்சு வெளியே வரும்போது மெல்லிய விசில் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னாள். "ஆர்.எஸ்.வி.ன்னு ஒரு வைரஸ். நமக்கு வந்தா வெறும் ஜலதோஷம். கைக்குழந்தைக்கு வந்தா நெஞ்சுக்குள்ள இருக்குற பொடிப்பொடிக் குழாயெல்லாம் வீங்கி அடைச்சிரும். அதைக் கொல்ல மருந்து கிடையாது. ஆக்சிஜன் குடுத்துக்கிட்டு, குழந்தை தாண்டி வருதான்னுதான் பாக்கணும்."

"எங்கிருந்துங்க வந்துச்சு?" என்று கேட்டான் நுச்சே.

"சளி பிடிச்ச யாராவது தொட்டிருப்பாங்க, முத்தம் குடுத்திருப்பாங்க. இன்னாருன்னு யாராலயும் சொல்ல முடியாது."

புண்யமாயா சால்வை நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று நினைத்தாள்.

அஸ்மிதா தாண்டி வரவில்லை.

டாக்டர் சொன்னது ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுபோனது. தயிர்க்காரியின் கண் பட்டுத்தான் பிள்ளை போனது என்று புண்யமாயாவின் அம்மாவே முதலில் சொன்னாள். ஒரு வாரத்தில் அது கண்ணிலிருந்து சூனியம்வரை வளர்ந்துவிட்டது. தில்தாராவின் தயிரை அந்த முற்றத்தில் யாரும் வாங்குவதில்லை. அவள் வாசலுக்கு வந்தால் தாய்மார்கள் பிள்ளைகளை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். புண்யமாயா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் சொல்லவில்லை. பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், பழி எதிர்வீட்டில் இருப்பது அவளுக்குச் சௌகரியமாகவும் இருந்தது. இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் அந்த விசில் சத்தம் அவளை விடவில்லை. கம்பளி இழையை இழுக்கும்போது கேட்டது. குக்கரில் ஆவி கசியும்போது கேட்டது. படுத்தால் மாடியில் யாரோ மூச்சுக்கு இழுப்பதுபோல் இருக்கும். படியேறிப் போய்ப் பார்த்தால் எல்லோரும் நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் சளியோடு படுத்திருந்தபோது அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுகொண்டாள். அவள் மூக்கிலிருந்துதான் வந்தது. அன்றிலிருந்துதான் கதவைச் சாத்தும் பழக்கம்.

பிறகு சுப்ரத் பிறந்தான். அவனுக்குச் சோறூட்டும் நாளும் வந்தது. புண்யமாயா விழித்தபோதே தொண்டை கரகரத்தது. முற்றத்தைப் பார்த்த தன் அறைக்கதவைச் சாத்தி, ஓர் இடுக்கு மட்டும் விட்டு உள்ளே உட்கார்ந்துவிட்டாள். நுச்சேயின் மனைவி சம்ஜனா, சிவப்புப் பட்டு உடுத்திய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"அக்கா, வாங்க. பாயசம் ஆறுது, பூசாரி வேற குதிக்கிறாரு."

"கிட்ட வராத! நீயே ஊட்டிடு."

"அத்தை இல்லாம எப்படிக்கா? என் பிள்ளை மேல என்ன கோவம் உங்களுக்கு?"

"எனக்குச் சளி, சம்ஜனா. அன்னைக்கும் இருந்துச்சு. தில்தாரா கண்ணுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. நான்தான் உதட்டுல வச்சு அஸ்மிதாவுக்கு ஊட்டுனேன்."

சம்ஜனா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தின் நடுவரைக்கும் பின்னால் போய் நின்றாள்.

"தெரியும்க்கா. திரும்பித் தும்மிட்டுத்தான் ஊட்டுனீங்க. நான் பாத்தேன்."

"பாத்துட்டுமா பேசாம இருந்த?"

"எனக்கும் சளி இருந்துச்சுக்கா. முந்தின நாளே வந்துருச்சு. விருந்து நின்னுடக் கூடாதேன்னு யார்கிட்டயும் சொல்லல. ராத்திரியெல்லாம் அவ என் நெஞ்சுலதானே கிடந்தா? உங்களுதா, என்னுதான்னு இனி யாரு சொல்றது? தயிர்க்காரியோடதா இருந்தா நாம ரெண்டு பேரும் தப்பிச்சோம்னு இருந்துட்டேன்."

புண்யமாயாவுக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் அந்தச் சத்தத்தை மாடியில் இன்னொருத்தியும் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள்.

அப்போது சுப்ரத் தும்மினான். மாடி ஜன்னலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. மேலே கூடியிருந்தவர்களின் தலைகளும் எட்டிப் பார்த்தன.

"பிள்ளை தும்முறானே! அந்தச் சூனியக்காரி வெளிய நிக்கிறாளா, பாருங்கடி!"

புண்யமாயா கதவைத் திறந்து வாசற்படியில் வந்து நின்றாள்.

"அவ இல்லம்மா. நான்தான் நிக்கிறேன்."