மதிலுக்கு உள்ளே ஒரு சிறு குழி

சனிக்கிழமை, காலை ஆறு நாற்பது. கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் வெள்ளிமலை வண்டி உறுமிக்கொண்டு நின்றது. டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். நான் போகும் ஊர் வெள்ளிமலைக்குச் சற்று முன்னால், சாலையிலிருந்து இறங்கும் ஒரு மண்பாதையில் இருக்கிறது. அதன் பெயரை எழுதப்போவதில்லை. ஏன் என்பது படிக்கும்போது தெரியும்.

அழைத்தவர் அந்த ஊர்க் கோயிலின் உபதேசியார். சவரிமுத்து என்று வைத்துக்கொள்வோம். பங்குச் சாமியார் மாதம் இரண்டு முறைதான் மலையேறுவார். மற்ற நாட்களில் செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துவது, அவசரமென்றால் ஞானஸ்நானம் கொடுப்பது எல்லாம் இவர்தான். ஐரோப்பாவில் திருச்சபை யாரையெல்லாம் பதிதர் என்று தள்ளிவைத்தது என்று ஒரு சிறுபத்திரிகையில் எழுதிவருகிறேன். அதைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அந்த எறகு கதை எழுதினீங்களே சார், அத நானும் பண்ணிட்டேன். சனிக்கிழம விசாரணை. வந்து பாருங்க."

இறகுக் கதை இதுதான். ஞானஸ்நானம் பெறாமல் செத்த குழந்தைக்கு மோட்சமும் இல்லை, மந்திரித்த கல்லறை மண்ணும் இல்லை என்றிருந்த காலம். பிரான்ஸிலும் சுவிட்சர்லாந்திலும் சில சிற்றூர்க் கோயில்களுக்குச் செத்துப் பிறந்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மைல் கணக்கில் நடந்தார்கள். பக்கத்தில் கரி மூட்டிச் சூடு காட்டி, உதட்டின் மேல் ஒரு இறகை வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். இறகு அசைந்தால் மூச்சு வந்துவிட்டது. உடனே தண்ணீர் ஊற்றிப் பெயர் வைத்தார்கள். குழந்தை மறுபடி செத்தது, இம்முறை கிறிஸ்தவனாக. ரோம் இதை மூடநம்பிக்கை என்று தடுத்தது. ரோமை எதிர்த்த சீர்திருத்தக்காரர்களும் அப்படியொரு கோயிலை இடித்துப் போட்டார்கள். எதிலும் ஒத்துப்போகாத இருவரும் இதில் ஒத்துப்போனார்கள்.

ஏழரை. கச்சிராயபாளையம் தாண்டியது. கரும்பு டிராக்டர்கள், கோமுகி அணையின் மங்கிய தண்ணீர், பிறகு வளைவுகள். இறங்கும் இடத்தைச் சொன்னதும் கண்டக்டர் சிரித்தார்.

"செத்த புள்ளய எழுப்பினாரே, அவரு ஊருக்கா?"

"கேள்விப்பட்டீங்களா?"

"மலைக்கே தெரியும் சார். எழுப்பி இன்னா புண்ணியம்? மறுபடி பூட்ச்சே!"

மண்பாதை தொடங்கும் இடத்தில் ஓட்டு வீடு ஒன்று. அது ஊர் நாட்டாமையுடையது. அங்கிருந்து மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே அரை கிலோமீட்டர் நடந்தால் கோயில், நாற்பது வீடுகள், கல்லறைத் தோட்டம். தோட்டத்துக்கு இடுப்புயர மதில். மதிலுக்கு வெளியே எருக்கஞ்செடிகளின் கீழ் சிறுசிறு மேடுகள், சிலுவை கிடையாது. ஞானஸ்நானம் வாங்காமல் போன குழந்தைகள் அங்கேதான். மதிலுக்கு உள்ளே ஒரு மூலையில் புதிய மேடு ஒன்று, என் கைமுழம் ஒன்றரை இருக்கும். உபதேசியார் ஞானஸ்நானம் கொடுத்த குழந்தை, பிலோமினா என்ற பெண்ணின் மகன். தலைப்பிள்ளை.

பகல் பதினொன்று. கோயில் வாசல் மாமரத்தடியில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலியில் பைபிள். சாமியார் இளைஞர். அவர்தான் முதலில் பேசினார்.

"அந்தச் சட்டம் எல்லாம் இப்ப கிடையாது. மூச்சு இருந்துதோ இல்லையோ, குழந்தை உள்ளேயே இருக்கட்டும்."

நாட்டாமை எழுந்தார். அறுபதைத் தாண்டிய, கட்டையான மனிதர்.

"ஒங்க சட்டம் மாறும் சாமி. நீங்களும் மாத்தலாயிப் பூடுவீங்க. என் ரெண்டு புள்ளைங்க எருக்கஞ்செடியாண்ட கெடக்குதுங்களே?"

"அவங்களையும் உள்ள கொண்டாந்துருவோம்."

"அப்ப எங்கப்பன் என் கையாலயே அதுங்கள வெளிய பொதைக்க வெச்சது தப்புன்றீங்களா?"

நாட்டாமை உபதேசியாரைப் பார்த்துத் திரும்பினார்.

"சவரி, இது மேல கைய வெய்யி. மூச்சு இருந்துச்சா? இல்லன்னா இன்னிக்கே தோண்டி வெளிய வெக்கணும்."

கூட்டத்தின் ஓரத்தில் பிலோமினா நின்றாள். ரவிக்கையின் மார்பு நனைந்திருந்தது. குடிக்கப் பிள்ளை இல்லாத பால்.

உபதேசியார் பைபிள் மேல் கை வைத்தார். "இருந்துச்சு," என்றார். நாட்டாமை தலையை ஆட்டிவிட்டு, யாரையும் பார்க்காமல், மரவள்ளிக் கொல்லை வழியே போனார்.

மாலை நான்கு. உபதேசியார் கடுங்காப்பி கொடுத்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கேட்காமலே சொன்னார்.

"மூக்காண்ட பஞ்சு வெச்சேன் சார். அசையல. மாமியாக்காரி ஆம்புலன்ஸ நிறுத்த ரோட்டுக்கு ஓடிட்டா. இந்தப் பொண்ணு மயங்கிக் கெடக்குது. நானும் அதுவுந்தான். தண்ணி ஊத்திட்டேன்."

"யாருக்காவது தெரியுமா?"

"சாமிக்குத் தெரியும்." எந்தச் சாமி என்று நான் கேட்கவில்லை.

ஞாயிறு, காலை எட்டு. பூசை. நன்மை, அதாவது பூசையில் தரும் அப்பம், வாங்க ஊரே வரிசையில் போனது. இருபது வருடமாக வரிசையில் முதலாவதாக நின்றவர் வெளியே மாமரத்தடியில் நின்றார். பூசை முடிந்து சாமியார் நேராக அவரிடம் வந்தார்.

"நன்மை வாங்க வரலியே, உபதேசியாரே?"

"பாவசங்கீர்த்தனம் பண்ணாம வாங்கக்கூடாதுங்க சாமி."

"இப்பவே பண்ணுங்க. நான் கேக்கறேன்."

"பண்ண முடியாதுங்க. மனஸ்தாபம் வரல."

பாவத்துக்காக மனம் வருந்துவதை மலையின் கிறிஸ்தவர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். அது இல்லாமல் சாமியாரிடம் பாவத்தைச் சொன்னாலும் பாவசங்கீர்த்தனம் செல்லாது.

"கொஞ்சங்கூடவா வரல?"

"முட்டி போட்டுப் பாத்தேன் சாமி. வரல. திரும்ப நடந்தா திரும்பவும் அதத்தான் பண்ணுவேன். மனஸ்தாபம் இல்லாம வராதீங்கடான்னு புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறவனே நான்தான்."

சாமியாரின் கை அவர் தோள்வரை வந்து, தொடாமல் இறங்கியது.

தவறாக நம்பியவனையெல்லாம் திருச்சபையின் பழைய விசாரணை நீதிமன்றங்கள் எரித்துவிடவில்லை. தவறு என்று காட்டிய பிறகும் விடமாட்டேன் என்றவனைத்தான் பதிதன் என்றார்கள். அதற்கு விசாரணைக்காரர், எழுத்தர், சாட்சி, தண்டனை நிறைவேற்றுபவர் என்று எத்தனையோ பேர் தேவைப்பட்டார்கள். இங்கே ஒரு மனிதர் அத்தனை வேலையையும் தானே செய்துகொண்டு மரத்தடியில் நிற்கிறார். அவரை மீட்க வந்த சபையிடம், உன் சட்டப்படி நான் மீள முடியாது என்கிறார்.

பத்தேகால். சாலைக்கு வந்து பேருந்துக்கு நின்றேன். பின்னாலேயே பிலோமினா வேகமாக வந்தாள். குழந்தை பிறந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. மூச்சு வாங்கியது.

"சார், உபதேசியாரு உங்களாண்ட பேசிக்கினு இருந்தாரே. எம்புள்ள எத்தினி மூச்சு வுட்டான்னு சொன்னாரா?"

நான் பேருந்து வருகிறதா என்று பார்த்தேன்.

"என்னாண்ட கேட்டா, எண்ணலம்மான்னு மொகத்த திருப்பிக்கினு போறாரு. நான் மயங்கிட்டேன் சார். பாக்கவே இல்ல. அதான் ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சிக்கலாம்னு."

வளைவில் பேருந்து தெரிந்தது. யோசிக்க நேரம் இருந்தது. யோசிக்கவில்லை.

"மூணு," என்றேன்.

அவள் உதடுகள் எண்ணின. கை நெற்றிக்குப் போய், மார்புக்கு வந்து, தோள்களைத் தொட்டது.

"பிதாவுக்கு ஒண்ணு, சுதனுக்கு ஒண்ணு, பரிசுத்த ஆவிக்கு ஒண்ணு! பாத்தீங்களா சார்? எம்புள்ள செபம் சொல்லிட்டுதான் போயிருக்கான்."

பேருந்தில் ஏறினேன். பத்து வருடமாகப் பதிதர்களைப் பற்றி எழுதுகிறேன். ஒரு புது உபதேசம் எப்படிப் பிறக்கிறது என்று எந்த நூலகத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. ஒரு தாய் கேட்கிறாள், பேருந்து வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

வண்டி நகர்ந்தபோது பின்கண்ணாடி வழியே பார்த்தேன். அவள் ஓட்டு வீட்டின் வாசலில் நின்றிருந்தாள். உள்ளிருந்து வந்த நாட்டாமையிடம் மூன்று விரல்களைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவர் அந்த விரல்களையே பார்த்தபடி நின்றார்.