கேரியரைப் பிடித்தபடி

தொண்ணூறுகளில் என் மகள் கல்லூரி புராஜெக்டுக்காகச் சைக்கிளின் பின்சக்கரத்தில் மோட்டார் பொருத்தினாள். மறுநாள் அதை ஓட்டிக் காட்ட வேண்டும். ஸ்டாண்டில் சக்கரம் சுற்றியதும் இருவரும் கைதட்டினோம். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கவில்லை.

மயிலாப்பூரில் எங்கள் தெருவில் முதல் ஓட்டம். பாய்ந்து போய் விழுந்துவிடுவாளோ என்ற பயத்தில், பின்னால் நின்று கேரியரைப் பிடித்துக்கொண்டேன். கைப்பிடியை முறுக்கினாள். சைக்கிள் பின்னோக்கிப் பாய்ந்தது. மல்லாந்த என் மேல் சைக்கிள், அதன் மேல் மகள்.

"இன்னா சார், உன்ன வுட்டு போவ மாட்டேன்னுது வண்டி!" என்றார் இஸ்திரிக்காரர்.

"கன்ட்ரோலர்ல ஒயரை மாத்திக் குடுத்துட்டேம்ப்பா" என்று சிரித்தபடியே சரிசெய்தாள்.

"இப்ப நான் எங்கம்மா நிக்கணும்?"

"வீட்டுக்குள்ள."

தெருமுனைவரை நேராகப் போய்த் திரும்பி வந்தாள். இன்றும் அவள் வண்டியைக் கிளப்பினால் என் கை எதையாவது பிடித்துக்கொள்கிறது; பெரும்பாலும் ஜன்னல் கம்பியை.