உள்ளூர்வாசிக்கு விலக்கு உண்டு

நெரிசலைக் குறைக்க, வந்து போகும் வெளியூர்க்காரர்களுக்கு மட்டுமே நுழைவுக் கட்டணம், உள்ளூர்வாசிக்கு விலக்கு. எங்கள் பழைய கோட்டைத் தெருவின் அறிவிப்புப் பலகையில் இது நான்காவது விதி.

ஞாயிறன்று ஆம்பூரிலிருந்து நண்பர் பஷீரின் ஆட்டோவில் வீடு திரும்பினேன். தெருமுனைத் தடுப்பில், கட்டண வசூல் குத்தகைக்காரரின் ஆள் பணம் கேட்டான். நான் இறங்கி விதியை உரக்கப் படித்தேன்.

"குடுத்துட்டுப் போலாம் சார், பேஜார் வேணாம்," என்றார் பஷீர்.

"விலக்கு இல்லையென்று எழுதித் தரட்டும்," என்றேன்.

பின்னால் வண்டிகள் அலறின. "இன்னா பெருசு, பாடம் நடத்துறியா?" என்று அவன் மூங்கில் கழியை ஓங்கினான். குறுக்கே பாய்ந்த பஷீரின் இடது கண்ணில் அது இறங்கியது. அவர் சட்டை முழுக்க ரத்தம்.

நகராட்சிக்கு முறைப்படி மனு அனுப்பினேன். இப்போதெல்லாம் எந்த ஆட்டோவில் வந்தாலும் தடுப்புக்கு முன்பே இறங்கிவிடுகிறேன், வாதாடுவதானால் தனியாகத்தான்.

"தாங்கள் கூறிய விதி சரியே" என்ற பதில், பஷீருக்குச் செயற்கைக் கண் பொருத்திய அன்று வந்தது.